கேள்வி கேட்டவரை ஏன் வெளியேற்றினீர்கள்? மத விவாத மேடைகளின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறுப்பாளர்களுக்கும், பதிவுகளைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலை எழுதும் எங்களில் கடவுளை நம்புகிறவர்களும் உண்டு, மறுக்கிறவர்களும் உண்டு. கடவுள் இருக்கிறாரா என்பதில் எங்களுக்குள் இன்றுவரை உடன்பாடில்லை. சென்ற வாரம் நீங்கள் எடுத்த முடிவு தவறு என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றுபடுகிறோம்.

நடந்ததை உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. பிரார்த்தனைக்குப் பதில் வராதபோது நம்பிக்கையை எப்படித் தக்கவைப்பது என்று ஒருவர் நான்கே வரியில் கேட்டார். அதன் கீழே மூண்ட சண்டையில் புகார்கள் குவிந்தன. புகார்களின் எண்ணிக்கை வரம்பைத் தாண்டியதும் கேட்டவரின் கணக்கு முடங்கியது. "இரு தரப்பும் எல்லை மீறியதால்" என்று ஒரு வரி போட்டு அந்த விவாத இழையையும் மூடிவிட்டீர்கள். வசைபாடியவர்கள் இப்போதும் அடுத்தடுத்த இழைகளில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டவரோ எந்தத் தரப்பையும் சேர்ந்தவர் இல்லை. தண்டனை முழுவதும் அவருக்கு மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அவருடைய கணக்கைத் திருப்பிக் கொடுங்கள். இனி அவரைப் போல ஐயத்தோடு வருகிறவர்கள் கேட்பதற்குச் சண்டைக்களத்திலிருந்து பிரிந்த ஓர் இடத்தை ஒதுக்குங்கள். அங்கே அவர்களுடைய அடையாளத்தைக் காப்பாற்றுங்கள். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்.

"இவர்கள் எதற்காகத்தான் இப்படி ஓயாமல் மோதிக்கொள்கிறார்கள்?" என்ற சலிப்பு உங்கள் அறிவிப்பில் தெரிகிறது. ஒரே வாதத்தை ஆயிரமாவது முறை படிக்க நேர்கிறவருக்குச் சலிப்பு வரும்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு உண்மையான பதில்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் போடும் எந்த விதியும் தவறான ஆளைத்தான் தாக்கும்.

முதலில், விவாதிப்பவர்கள் பெரும்பாலும் எதிராளிக்காக எழுதுவதில்லை. எதிராளி மனம் மாறமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருக்கும் மூன்றாமவருக்காகத்தான் எழுதுகிறார்கள். இணையக் குழுக்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் வாசிப்பதோடு நின்றுவிடுவார்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது எழுதுவார்கள், மீதி ஒரு சதவீதம்தான் இடைவிடாமல் எழுதும் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதியது ஒரு தோராயக் கணக்குதான். இருந்தாலும் இழை நடத்திய எவரும் அதன் உண்மையை மறுக்கமாட்டார்கள். அந்தப் பெருங்கூட்டத்திலிருந்து யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்து கேட்டால், விவாதத்தின் பயன் முழுவதும் அவரிடம்தான் இருக்கிறது. அவரைத்தான் நீங்கள் வெளியேற்றினீர்கள்.

இரண்டாவதாக, மதத்தை விட்டு வெளியே வந்தவர்களைப் பாருங்கள். அவர்களில் பலர் அந்த மதத்துக்குள்ளேயே வளர்ந்தவர்கள், அதை ஊன்றிக் கற்றவர்கள். 2010இல் பியூ ஆய்வு மையம் அமெரிக்காவில் நடத்திய மத அறிவுக் கணக்கெடுப்பில் 32 கேள்விகளுக்கு நாத்திகரும், கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்னும் அறியொணாவாதிகளும் சராசரியாக 20.9 சரியான பதில் சொன்னார்கள். மொத்தச் சராசரி 16. இத்தனை கற்றதை விட்டு வந்தவருக்கு, விட்டது ஏன் என்று யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வீட்டில் சொல்ல முடியாது, வேலை செய்யும் இடத்தில் சொல்ல முடியாது. அதனால் இங்கே சொல்கிறார். மதத்தின்மேல் இவருக்கு ஏன் இத்தனை அக்கறை என்று கேட்கிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

நம்பிக்கையாளர் தரப்பிலும் காரணம் ஆழமானது. தான் கண்ட உண்மையை எடுத்துச் சொல்வது அவருக்குக் கடமை. தன் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அடுத்த தலைமுறை விலகிப்போகும் என்ற கவலை அவருக்கு உண்டு. எதிரே இருப்பவர் நரகத்துக்குப் போவார் என்று மெய்யாகவே நம்புகிற ஒருவர் பேசாமல் இருந்தால்தான் அது இரக்கமின்மை. இதைப் புரிந்துகொள்ளாத நாத்திகர் அவருடைய பதற்றத்தை அகந்தை என்று படித்துவிடுகிறார். அங்கிருந்துதான் பாதிச் சண்டை தொடங்குகிறது.

வெற்றிக்காகவும் தன் கூட்டத்தின் கைத்தட்டலுக்காகவும் வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதைக் குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் உண்மையைத் தேடி வருகிறவரையும் ஜெயிக்க வருகிறவரையும் ஒரே இழையில் தள்ளினால் நல்ல எண்ணம் இருந்தும் பயனில்லை. பழைய இந்தியத் தருக்க நூலான நியாய சூத்திரம் இதை எப்போதோ பிரித்து வைத்திருக்கிறது. உண்மை காண்பதற்கானது வாதம். எப்படியாவது வெல்வதற்கானது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாடும் இல்லாமல் பிறர் சொல்வதை உடைப்பதற்கு மட்டுமானது விதண்டை. வாதிடுபவர் தோற்றதாகக் கொள்ளும் 22 தோல்வித்தானங்களையும் அந்நூல் வகுக்கிறது. நடுவழியில் தான் நிறுவ வந்த கருத்தை மாற்றிக்கொண்டால் தோல்வி. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால் தோல்வி. எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்லத் தெரியாவிட்டாலும் தோல்வி. உங்கள் விதிமுறைப் பக்கத்தில் "மரியாதையாகப் பேசவும்" என்ற ஒரு வரிதான் இருக்கிறது.

மரியாதை மட்டும் போதாது என்பதற்குக் காரணம் சொல்கிறோம். வசைச்சொல் ஒன்றுகூட இல்லாமலே ஒரு விவாதத்தைக் கெடுக்கலாம்.

அடிக்கடி நடப்பது பொருள் நழுவுதல். நம்பிக்கையாளர் "உலகுக்கு ஒரு முதற்காரணம் வேண்டும்" என்று தொடங்குவார். அதற்குப் பாதி இசைவு கிடைத்ததும், பிரார்த்தனையைக் கேட்டு இரங்கும் கடவுளை நிறுவிவிட்டதாகப் பேசுவார். நாத்திகர் "கடவுள் இல்லை" என்று அடித்துச் சொல்லித் தொடங்குவார். ஆதாரம் கேட்டால் "எனக்கு நம்பிக்கை இல்லை என்றுதான் சொன்னேன், நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது" என்று பின்வாங்குவார். இரண்டும் ஒரே கோளாறுதான். இதைத் தொடக்கத்திலேயே தடுக்கலாம். இழை திறப்பவர் மூன்று வரி எழுதியாக வேண்டும்: நான் நிறுவ வருவது என்ன, கடவுள் என்று நான் எதைச் சொல்கிறேன், எதைக் காட்டினால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். மூன்றாவது வரியை எழுத மறுப்பவர் ஜல்பத்துக்கு வந்தவர். அவரை அதற்கான களத்துக்கு அனுப்பிவிடலாம்.

அடுத்தது அளவு. ஒரே பதிலில் பன்னிரண்டு வாதங்களை வாரி இறைப்பார்கள். பரிணாமத்தை மறுத்து, உயிர்களைக் கடவுளே படைத்தார் என்று வாதிட்ட படைப்புவாதி டுவேன் கிஷ் மேடைகளில் கையாண்ட இந்த முறைக்கு 1994இல் மானிடவியலாளர் யூஜினி ஸ்காட் "கிஷ் கேலப்" (கிஷ்ஷின் குதிரைப் பாய்ச்சல்) என்று பெயர் வைத்தார். இன்று இரு தரப்பும் தயங்காமல் இதைச் செய்கின்றன. ஒரு வரியில் எழுதிவிட்ட தவறான செய்தியை மறுக்க ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது. பன்னிரண்டில் மூன்றுக்குப் பதில் சொல்வதற்குள் "மீதி ஒன்பதுக்குப் பதில் இல்லை" என்று வெற்றி அறிவிப்பு வந்துவிடும். ஒரு பதிலுக்கு ஒரு வாதம்தான் என்று விதி வையுங்கள். பதில் கிடைக்கும்வரை அடுத்த வாதத்தை அனுமதிக்காதீர்கள்.

மேற்கோள்கள் இன்னொரு தீராத் தொல்லை. டார்வின் மரணப் படுக்கையில் மதத்துக்குத் திரும்பினார் என்ற கதை இழைக்கு இழை வருகிறது. அது 1915இல் 'லேடி ஹோப்' என்பவரின் பெயரில் வெளியானது. டார்வினின் மகள் ஹென்ரியட்டா 1922இலேயே அதை மறுத்துவிட்டார். டார்வினை உறுதியான நாத்திகராகக் காட்டுவதும் தவறு. கடவுளை மறுக்கும் பொருளில் தாம் ஒருபோதும் நாத்திகராக இருந்ததில்லை, அறியொணாவாதி என்பதே பொருந்தும் என்று அவர் 1879இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஐன்ஸ்டைன் பெயரை இரு தரப்பும் இழுக்கின்றன. 1929இல், இயற்கையையே கடவுளாகக் கண்ட தத்துவஞானி ஸ்பினோசாவின் கடவுளை நம்புவதாகத் தந்தி கொடுத்தவரும் அவர்தான், 1954இல் தத்துவஞானி எரிக் குட்கிண்டுக்கு எழுதிய கடிதத்தில் மத நம்பிக்கைகளைக் கடுமையாக மறுத்தவரும் அவர்தான். இரண்டையும் அருகருகே வைத்தால் அந்தச் சண்டை தீர்ந்துவிடும். இப்படித் திரும்பத் திரும்ப வரும் இருபது முப்பது செய்திகளைச் சரிபார்த்து, மேடையின் தலைப்பில் நிலையாக வைப்பது உங்களால் முடியாத காரியமா? புனித நூல்களிலிருந்து வரி எடுப்பவர், எந்த மொழிபெயர்ப்பு என்பதையும், அந்த வரிக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளையும் சேர்த்துத்தான் இட வேண்டும் என்று ஒரு விதி போதும். பாதி மேற்கோள்கள் அதிலேயே உதிர்ந்துவிடும்.

பகடியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தீவிர நம்பிக்கையைக் கிண்டல் செய்து எழுதியதையும் உண்மையாகவே எழுதியதையும் குறியீடு இல்லாமல் பிரித்தறிய முடியாது என்று நேதன் போ 2005இலேயே சொன்னார், அதுவும் படைப்புவாதம் பற்றிய ஓர் இணைய விவாதத்தின் நடுவில். பகடி என்றால் மேலே அப்படிக் குறிக்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் மேலாக ஒரு கோளாறு இருக்கிறது. அதை விவாதிப்பவர்கள் திருத்த முடியாது, உங்களைப் போன்ற மேடைகளை நடத்துவோர்தான் திருத்த முடியும். எந்த இழையை மேலே காட்டுவது என்று, பதிவுகளை வரிசைப்படுத்தும் உங்கள் கணினி நிரல் முடிவு செய்கிறது. பதில்கள் அதிகமானால் இழை மேலே வருகிறது. கோபம் பதில்களைப் பெருக்குகிறது. டுவிட்டர் பதிவுகளை ஆராய்ந்து வில்லியம் பிராடி குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், அறமும் உணர்ச்சியும் கலந்து தொனிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் பதிவின் பரவல் ஏறத்தாழ 20 சதவீதம் கூடியது. ஃபேஸ்புக் 2017 முதல் கோபக்குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்ததும், கோபக்குறியின் மதிப்பைப் படிப்படியாகக் குறைத்து 2020இல் பூச்சியமாக்கியதும் அதன் உள் ஆவணங்கள் வழியாக வெளிவந்த செய்திகள். அதாவது இந்த எண்ணை மாற்ற முடியும். மாற்றியும் இருக்கிறார்கள். அப்படியிருக்க, உங்கள் நிரலே கூட்டிவைத்த கூட்டத்துக்காகக் கேள்வி கேட்டவரைத் தண்டித்ததை எங்களால் ஏற்க முடியவில்லை. கோபம் பெருகும்வரை அதை ஈடுபாடு என்று கணக்கில் எழுதிக்கொள்கிறீர்கள். கைமீறிப் போனதும் "மதம் உணர்வுபூர்வமான விஷயம்" என்று கதவைச் சாத்துகிறீர்கள். புகார் வந்த பதிவுகளையும் ஆள் படிப்பதில்லை, இயந்திரம் படிக்கிறது. மறுப்பதற்காக ஒரு வசையை மேற்கோள் காட்டியவரும் அந்த வசையைப் பேசியவரும் அதற்கு ஒன்றுதான். சட்டம், கல்வி, மருத்துவம், திருமணம் என்று மதம் தொடாத இடமில்லை. அதைப் பற்றிப் பேசவே கூடாது என்று ஆக்கிவிட்டால் மக்கள் எங்கே போய்ப் பேசுவார்கள்? மட்டுறுத்துநர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. ஆயிரம் இழைகளை ஓரிருவரிடம் கொடுத்துவிட்டுப் பொறுப்பைக் கைகழுவும் நிர்வாகத்தின் மேல்தான் கோபம்.

மன்னியுங்கள், கோரிக்கைக்கு வருகிறோம். ஐயத்தோடு கேட்கும் ஒருவருக்கு உங்கள் மேடையில் என்ன நேர்கிறது என்பதைப் படிப்படியாகச் சொல்லியாக வேண்டும்.

அவர் பெரும்பாலும் இரவில்தான் கேட்கிறார், வீட்டில் மற்றவர்கள் உறங்கிய பிறகு. கேள்வி நேரடியாகவும் இருக்காது. "என் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்கிறார்" என்று தொடங்கும். முதல் சில நிமிடங்களில் வரும் பதில்கள் பொதுவாக நல்லவையாகவே இருக்கும், இரு தரப்பிலிருந்தும். பிறகு இழை மேலே ஏறும், அவரைத் தெரியாதவர்கள் வருவார்கள். "இன்னுமா நம்பிக்கொண்டிருக்கிறாய், பாதியில் ஏன் நிற்கிறாய்?" என்று ஒருவர். "ஐயம் வந்தபோதே நீ வெளியே போய்விட்டாய்" என்று இன்னொருவர். அவர் இரண்டு பேருக்கும் பதில் எழுத முயல்வார். எழுதிக்கொண்டிருக்கும்போதே முப்பது பதில்கள் சேர்ந்துவிடும். பதில் சொல்லாதது ஒரு குற்றமாகவும், சொன்னதில் ஒரு சொல் பிசகியது இன்னொரு குற்றமாகவும் ஆகும். அடுத்து யாராவது அவருடைய பக்கத்துக்குள் போய்ப் பெயர், படம், உறவினர் பட்டியல் எல்லாம் பார்ப்பார். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவர் குடும்பத்தாருக்கே அனுப்புவார். இதைச் செய்ய ஒரு நிமிடம் போதும். அதற்குப் பிறகு அவர் பதிவை அழித்தாலும் பயனில்லை, நீங்கள் இழையை மூடினாலும் பயனில்லை. வீட்டுக் கதவு சாத்தப்படுவது, திருமணம் நின்றுபோவது, படிப்புச் செலவு நிறுத்தப்படுவது எல்லாம் உங்கள் திரைக்கு வெளியே நடக்கின்றன. மதத்தை விடுகிறவருக்கு மட்டும் வரும் துன்பம் இல்லை இது. நம்பிக்கையற்ற குடும்பத்தில் பிறந்து கடவுளை நாடத் தொடங்குகிறவரும், ஒரு மதத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக நினைப்பவரும் இதே பாட்டைப் படுகிறார்கள்.

சில இடங்களில் இது வீட்டோடு நிற்பதில்லை. வங்காளச் சுதந்திரச் சிந்தனையாளர்களுக்காக முக்தோ மோனா தளத்தைத் தொடங்கிய அவிஜித் ராய் 2015 பிப்ரவரியில் டாக்கா தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். இணையத்தில் எழுதியதற்காக வலைப்பதிவர் ராயிஃப் பதாவிக்குச் சவூதி அரேபியாவில் பத்தாண்டுச் சிறையும் ஆயிரம் கசையடியும் தீர்ப்பாயின. பாகிஸ்தானின் மர்தானில் மாணவர் மஷால் கான் 2017 ஏப்ரலில் இணையத்தில் மத நிந்தனை செய்தார் என்ற பழியில் கும்பலால் கொல்லப்பட்டார். அந்தப் பழிக்கு ஆதாரமே இல்லை என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. ஒருவருடைய அடையாளத்தை அம்பலப்படுத்துவதை நாங்கள் வசைக்கும் மேலான குற்றமாகக் கருதுவது இதனால்தான். உங்கள் விதிமுறையில் இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கைதான் இருக்கிறது. மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையை 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் 18ஆம் பிரிவில் தருகிறது. மாற்றிக்கொள்வதற்கு முன்னால் ஒருவர் கேட்டுப் பார்க்க வேண்டாமா?

புனைபெயரை அனுமதித்தால் பொறுப்பின்மை பெருகும் என்பீர்கள். மணிமேகலையை நினைத்துப் பாருங்கள். இளம்பெண் என்று கண்டால் எவரும் உண்மைப் பொருளை உரைக்கமாட்டார்கள் என்பதால், அவள் வேற்றுருக் கொண்டுதான் வஞ்சி நகரில், பல சமயங்களின் கொள்கைகளை விளக்கும் சமயக் கணக்கர்களிடம் போனாள். அளவைவாதி தொடங்கிப் பூதவாதிவரை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டாள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே விழவில்லை. நாங்கள் கேட்கும் இடமும் ஏறத்தாழ அப்படிப்பட்டதுதான்.

அது எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கேட்பவர் பெயர் மறைத்துக் கேட்கலாம், அவருடைய பக்கத்துக்கு இணைப்பு இருக்காது. கேள்வி உடனே வெளியாகாமல் மட்டுறுத்துநர் பார்வைக்குப் போகும். ஊர், பணியிடம் போன்ற அடையாளங்கள் தெரியாமல் இருந்தால் வெளியிடுவார், தெரிந்தால் திருத்தித் தரச் சொல்வார். பதில் சொல்ல விரும்புவோர் முன்கூட்டியே பதிவு செய்தவர்களாக இருப்பார்கள். ஒரு கேள்விக்கு ஒவ்வொரு தரப்பிலிருந்தும் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். பதில் சொல்பவர்கள் தங்களுக்குள் வாதிட அங்கே இடமில்லை. வாதிட விரும்பினால் பக்கத்துக் களத்துக்குப் போகலாம். இந்த இடத்தின் இழைகள் எவர் முகப்பிலும் தாமாக ஏறக்கூடாது, தேடி வருகிறவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். புகார் வந்தால் எண்ணிக்கையைப் பார்த்து இயந்திரம் முடக்கக்கூடாது, ஓர் ஆள் படித்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். கேட்டவர் விரும்பும்போது காரணம் சொல்லாமலே இழையை மூடிவிடலாம். ஸ்கிரீன்ஷாட்டை நுட்பத்தால் முழுதும் தடுக்க முடியாது என்பது தெரியும். பெயரும் படமும் அதில் இல்லாவிட்டால் அனுப்பியும் பயனில்லை. ஒருவரை அடையாளம் காட்ட முயன்றவருக்கு எச்சரிக்கை வேண்டாம், முதல் தடவையிலேயே நிரந்தரத் தடை.

இவை சோதித்துப் பாராத கனவுகள் இல்லை. பழைய கணினி விவாத வலையமைப்பான யூஸ்நெட்டின் காலத்தில், மற்றக் குழுக்களில் படைப்புவாதச் சண்டை நிரம்பி வழிந்தபோது, அதற்கென்றே ஒரு தனிக்குழு பிரிக்கப்பட்டது; அதுவே பிறகு 'டாக்.ஒரிஜின்ஸ்' ஆனது. மோத விரும்பியவர்கள் அங்கே மோதினார்கள். 2013இல் ரெட்டிட்டில் தொடங்கிய 'சேஞ்ச் மை வியூ' குழுவில், கருத்தை முன்வைப்பவர் மூன்று மணி நேரத்துக்குள் பதிலாடத் தொடங்காவிட்டால் இழை நீக்கப்படும். யாருடைய பதில் தன் எண்ணத்தை மாற்றியதோ அவருக்கு 'டெல்டா' என்ற ஓர் அடையாளப் புள்ளி கொடுப்பார்கள். அந்தக் குழுவின் விவாதங்களை ஆராய்ந்து கார்னெல் பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரோடொருவர் ஐந்து சுற்றுக்கு மேல் மாறி மாறிப் பேசினால் மனமாற்றம் ஏறக்குறைய நிகழ்வதே இல்லை என்று தெரிந்தது. ஆகவே சண்டைக்களத்திலும் ஐந்து சுற்று முடிந்ததும் அந்த இருவரையும் நிறுத்திவிடுங்கள். தொடர விரும்பினால் எதிராளியின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி ஒரு பத்தியில் எழுதிக்காட்டிவிட்டுத் தொடரட்டும். அப்படி எழுதிக்காட்ட எத்தனை பேர் தயாராக இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே, வாதத்துக்கு வந்தவர் யார், ஜல்பத்துக்கு வந்தவர் யார் என்று உங்களுக்கே விளங்கும்.

ஆள்பலம் இல்லை என்பதுதான் உங்கள் பதிலாக இருக்கும் என்று ஊகிக்கிறோம். எங்களில் நம்புவோரும் நம்பாதோரும் அந்த இடத்தில் பதில் சொல்லவும், உங்கள் மேற்பார்வையில் கேள்விகளைப் படித்துத் தரவும் முன்வருகிறோம். மேலே சொன்ன மேற்கோள் பட்டியலை நாங்களே தயாரித்துத் தருகிறோம். பிழை இருந்தால் இரு தரப்பும் சேர்ந்தே திருத்துகிறோம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். முடக்கிய அந்தக் கணக்கை முதலில் மீட்டுக் கொடுங்கள். மூடிய இழையில் அவருடைய பெயரும் படமும் தெரியும் பதில்களை நீக்குங்கள். அவர் மேல் தவறில்லை என்று அவருக்குத் தனியாக, ஓர் ஆள் கைப்பட எழுதிய கடிதம் ஒன்றை அனுப்புங்கள். ஐயத்தோடு கேட்பவர்களுக்கான தனி இடத்தை எப்போது தொடங்குவீர்கள் என்பதை இந்த மடலுக்குப் பதிலாகப் பொதுவில் அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மேடையில் எதிரெதிர் வரிசைகளில் அமர்ந்து விவாதிக்கும்
நம்புவோரும் நம்பாதோரும்